பழுதே ஆகாத பம்பு

போன மாதம் எங்கள் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய ஆபீசுக்குப் போவது, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போய் நிற்பதைப் போல. போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இலை போடவும் மாட்டார்கள். புதிதாக வந்திருக்கிற உதவிப் பொறியாளர் மட்டும், என் மகனைவிடச் சின்னவர், நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கணினித் திரையைக் காட்டினார். சேர்வராயன் மலை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தண்ணீர்த் தொட்டியாம். தண்ணீர் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

"மலையேறாமலே எல்லாம் தெரியுது பாருங்க சார். இதோ, இந்த ஒண்ணு போட்ட நாள்ல இருந்து ஒரு தடவைகூட சிவப்பு ஆகல."

"அப்படின்னா மொதல்ல அங்கதான் நீங்க போகோணும் கண்ணு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கிழவருக்குத் திரை புரியவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க ஆரம்பித்தேன். காபி இரண்டு முறை வந்தது, விளக்கம் முடியவில்லை. "இதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க சார், நம்ம ஆபீஸ் ஆண்டு மலர்ல போட ஆகும்" என்றார். நான் பேசியதை நிறுத்த அதுதான் வழி என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். எப்படியோ, எழுதுகிறேன்.

நான் கைப்பம்பு மெக்கானிக். பெயர் குழந்தைவேலு. அறுபது வயதுக்கு மேலும் குழந்தை என்று கூப்பிடப்படுகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. சேலத்தில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். வேலைக்கு உத்தரவு வாங்கி பஸ் ஏறினால், ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவது வளைவில் காலைச் சாப்பாட்டை ஜன்னல் வழியாக மலைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு, வெளிறிய முகத்தோடு ஆபீசில் போய்ச் சேர்ந்தேன். முதல் மாதமே கிளாம்ப்பைச் சரியாக முடுக்காமல் ஒரு ஆழ்துளைக் கிணற்றில் பைப்பு மொத்தத்தையும் நழுவ விட்டேன். அது உள்ளே போய்ச் சேருகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு நாள் தூண்டில் போட்டு இழுத்தோம். மீன் பிடிக்கிறீங்களா என்று தலைச்சோலைப் பக்கத்து ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மீதியைக் கையும் முதுகும் தானாகக் கற்றுக்கொண்டன.

பல அதிகாரிகளிடம் வேலை பார்த்தேன். அதில் என்னை மனிதனாக்கியவர் கோமதி அம்மா, உதவிப் பொறியாளர். குள்ளமான உருவம், மெல்லிய குரல். திட்டவே மாட்டார். நாம் ஏதாவது சொன்னால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அப்படியா?" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் நம் வாய் தானாக உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். வேறு அதிகாரிகள் ஜீப்பை விட்டு இறங்காமலே பம்பைப் பார்த்தவர்கள். இந்த அம்மா தானே கைப்பிடியைப் பிடிப்பார்.

அவர் வைத்திருந்த முறை இது. பம்புக்குப் போனதும் முதலில் எதையும் தொடக் கூடாது, அடிக்க வேண்டும். எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ண வேண்டும். பிறகு நாற்பது அடியில் வாளி நிறைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் பம்பைச் சும்மா விட வேண்டும். அந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிய தண்டனை. அந்த அம்மா பேச மாட்டார், நான் பேசாமல் இருக்க மாட்டேன். மறுபடி அடிக்கும்போது இரண்டாம் மூன்றாம் அடியிலேயே தண்ணீர் வந்தால் உள்ளே வாஷரும் வால்வும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் எங்கோ கசிகிறது. அதற்குப் பிறகுதான் மேல் மூடியின் போல்ட்டைக் கழற்றி, கைப்பிடியையும் உள்ளே இறங்குகிற கம்பியையும் இணைக்கிற சங்கிலிக்குக் கிரீஸ் வைப்பது. கடைசியில் அந்த அம்மா ஒரு கை தண்ணீர் குடிப்பார். பிறகு என்னைக் குடிக்கச் சொல்வார். பதிவேட்டில் பென்சிலால் எழுதி, ஒரு முறை படித்துப் பார்த்து, அப்புறம்தான் பேனா. பம்புக்கு ஒரு பக்கம். தேதி, பழுது, காரணம், செய்த வேலை என்று கட்டங்கள்.

அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம் எனக்கு நொம்பப் பிடிக்கும். கரடியூர் தாண்டி மண்பாதையில் இறங்கினால் இருபத்தாறு வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். அதன் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது, பெயர் அவர்களுக்குக் கெட வேண்டாம். ஆத்திமரத்தூர் என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் பம்பு போட்ட நாளிலிருந்து நான்கு வருஷத்துக்குப் பழுது என்ற கட்டம் காலி. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு பம்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் குத்துவிளக்கு மாதிரி நின்றது. யாராவது என் வேலையைக் குறை சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைப்பேன்.

இடம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தண்ணீர் இருக்கும் என்று நிலத்தடி நீர் பார்க்கிறவர் இரண்டு இடத்தில் முளைக்குச்சி அடித்திருந்தார். ஒன்று கீழே சரிவில், ஒற்றையடிப் பாதையோரம் பலாமரத்தடி. மற்றொன்று மாரியம்மன் கோயில் வளாகத்துக்குள், கல் வேலிக்கு உட்புறம். பலாமரத்தடிக்குத் துளை போடும் லாரி இறங்காது. கோயில் திடல் சமதளம். மேலும் அது யாருடைய பட்டாவும் இல்லை, எனவே சண்டை வராது. சாமி இடம் என்பதால் சுத்தமாக வைத்திருப்பார்கள். இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் நானே எழுந்து சொற்பொழிவு ஆற்றினேன். ஊரைக் கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்க்கவுண்டரைக் கேட்டேன், பூசாரியைக் கேட்டேன், துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்த முப்பது ஆண்களைக் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். என் பேச்சுக்குக் கை தட்டினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். உலகத்திலேயே மிக ஏழையான நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். அந்த நாடுகளில் கிராமத் தண்ணீர் வேலை பார்க்கிற ஆறு பேர் மூன்று வாரப் பயிற்சிக்கு நம் மாநிலத்துக்கு வந்திருந்தார்கள். நாம் கைப்பம்பை எப்படிப் பராமரிக்கிறோம் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். கோமதி அம்மா என்னைக் கூப்பிட்டு, எந்த ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்று கேட்டார். நான் பதிவேட்டைத் திறக்கவேயில்லை. "ஆத்திமரத்தூருங்க" என்றேன்.

அந்த ஆறு பேரில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து வந்த பெண் ஒருவர். தோகோ என்று பெயர். என்னைவிட ஒரு சாண் உயரம். அவரும் பம்பு மெக்கானிக்தான். சைக்கிளில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். எங்கள் தொழிலில் நான் பார்த்த முதல் பெண். ஜீப்பில் போகும்போது தன் நாட்டைப் பற்றிச் சொன்னார். கோமதி அம்மா தமிழில் எனக்குச் சொன்னார். அங்கே பம்புக்குப் பஞ்சமில்லையாம். யார் யாரோ வந்து போடுகிறார்கள், பெயர்ப் பலகை வைக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஒரு வாஷர் தேய்ந்தால் அது கிடைக்கிற கடைக்கு ஒரு நாள் சைக்கிள் மிதிக்க வேண்டும். இப்போது மக்காச்சோளம் அரைக்கிற மில்லிலேயே வாஷர் விற்க ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அதிலிருந்து பாதிப் பம்புகள் எழுந்து நிற்கின்றனவாம்.

நான் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டினேன். உங்களுக்கெல்லாம் வழிகாட்டத்தானே நான் இருக்கிறேன் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை இப்போது நினைத்தால் நானே கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

கோயில் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பம்புக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மை பெஸ்ட் பம்பு மேடம். ஃபோர் இயர். நோ ரிப்பேர். நெவர்!"

மற்ற ஐந்து பேரும் குறிப்பெடுத்தார்கள். தோகோ எழுதவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து தளத்தைத் தடவினார். விரலில் பாசி வந்தது. கைப்பிடியின் முனையைப் பார்த்தார். நான் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. மேல் மூடியைத் திறக்கச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் நான் வைத்த கிரீஸ் சங்கிலி மேல் நெய் மாதிரி உறைந்து கிடந்தது. கழிவுநீர் போகிற வாய்க்காலில் ஒரு காசித்தும்பைச் செடி முளைத்து, பூவும் விட்டிருந்தது. அதைக் காட்டி என்னைப் பார்த்தார்.

"நேச்சர், மேடம்" என்றேன் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ கேட்டார். கோமதி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க குழந்தைவேலு, இதுல யாரு தண்ணி புடிக்கறாங்கன்னு கேக்கறாங்க."

"ஊரே புடிக்குதுங்க."

"அப்படியா?"

போச்சு என்று நினைத்தேன். பூசாரியைப் பார்த்தேன். அவர் அம்மனைப் பார்த்தார். "அபிசேகத்துக்குத் தினமும் ஒரு கொடம் எடுக்கறனுங்க" என்றார். "அப்பறம், மெக்கானிக்கு வண்டிச் சத்தம் வளைவுல கேட்டா ஓடியாந்து அம்பது அடி அடிச்சு வெப்பனுங்க. மொத அடியிலயே தண்ணி வந்தா அவரு மொகம் மலந்து போயிருமுங்க. பாவம், அத்தன தூரம் வர்றவரு."

நான்கு வருஷமாக நான் எண்ணி எண்ணி எழுதிய அடிக்கணக்கு, அரை மணி நேர மௌனம், எல்லாம் இவருடைய இரக்கத்தின் மேல் நின்றிருக்கிறது!

அதற்குள் தோகோ கல் வேலியைத் தாண்டிப் போய்விட்டார். கீழே ஓடைச் சரிவில் பெண்கள் குடத்தோடு ஏறி வருவது தெரிந்தது. ஊற்று அங்கேதான் இருக்கிறது. பம்பு வந்தபிறகும் பழக்கத்தில் சிலர் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஊற்று. தோகோ ஒரு குடத்தை வாங்கித் தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு நடந்து காட்டினார். சரிவு முழுக்கச் சிரிப்பு. கோமதி அம்மாவும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினார். நானும் ஒரு அடி வைத்தேன். "நீங்க இங்கயே இருங்க" என்றார். ஒரு மணி நேரம் பம்போடு நின்றேன். அது முதல் முறையாக எனக்குப் பேச்சுத் துணையாக இல்லை.

திரும்பி வந்த அந்த அம்மா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கோயில் வேலிக்குள் மாதவிலக்கான பெண்கள் வரக் கூடாது. பிள்ளை பெற்றவர்கள் பல வாரம் வரக் கூடாது. இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் பம்பு வைக்கும்போது என் மூளையில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, மற்ற நாட்களில் வரலாமே என்று கேட்டேன். அதற்குப் பதில் சொன்னது, அவர்களோடு ஏறி வந்து வேலிக்கு வெளியே நின்ற வெள்ளச்சி. முப்பத்தைந்து வயது இருக்கும். குடத்தை இடப்பக்க இடுப்பில் வைத்திருந்தார்.

"மத்த நாள்ல வந்தா என்னாகுமுங்கண்ணா? யாரு எந்த மூணு நாளு வரலைன்னு ஊரே எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும். புதுசாக் கல்யாணமான புள்ள ஒரு மாசம் தவறாம வந்துட்டா, விசேசமான்னு திண்ணைப் பசங்ககூடக் கேப்பானுங்க. எங்க சமாச்சாரம் எதுக்குங்க பம்படிக்கு? அதான் ஒருத்தரும் வர்றதில்லைன்னு பேசி வெச்சுட்டோம்."

"இத்தன வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்லீங்க அம்மணி?"

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? வந்தா அந்தப் பம்பைப் பெத்த புள்ளயாட்டம் தடவிக் குடுத்துட்டு நிப்பீங்க. மனசு நொந்துருமேன்னு உட்டுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். மணிக்கட்டு கோணலாக இருந்தது. குடத்தை இடப்பக்கம் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

"இது எப்பங்க ஆச்சு?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பங்குனியில. ஊத்து வத்திப்போயி அடிப் பள்ளத்துக்கு எறங்கினோம். பாசியில வழுக்கிருச்சு. கட்டுப் போட்டது சரியாச் சேரல. இந்த வருசம் பங்குனிக்கு எப்படி எறங்கறதுன்னுதான் இப்பவே பயமா இருக்குதுங்க. ஒத்தக் கையில வேரைப் புடிக்கறதா, கொடத்தைப் புடிக்கறதா?"

சிரிப்பு என் முகத்திலேயே செத்துப் போனது. அந்தப் பங்குனியில் பதிவேட்டில் நான் எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. 'பம்பு நன்றாக இயங்குகிறது.'

தோகோ சொன்னதைக் கோமதி அம்மா மொழிபெயர்த்தார்: "எங்கள் ஊரில் பம்பு கெட்டால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உங்களுடையது கெட்டதே தெரியாமல் கெட்டிருக்கிறது." அவர் கேலியாகச் சொல்லவில்லை. தன் ஊரிலும் இப்படி எத்தனை இருக்குமோ என்று யோசிக்கிற முகம்.

சாயங்காலம் ஆபீசில் கோமதி அம்மா பதிவேட்டை என் முன்னால் வைத்தார்.

"பழுது இல்லைங்கறது உண்மைதானுங்க அம்மா" என்று இழுத்தேன்.

"உண்மைதான். அதுக்குப் பக்கத்துல மீதி உண்மையையும் எழுதுங்க. பென்சில் வேண்டாம், பேனாவுலயே எழுதுங்க."

'பழுது இல்லை. உபயோகமும் இல்லை. இடத் தேர்வு தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கி அதன் கீழே அந்த அம்மா எழுதினார்: 'ஐந்து முறை இங்கே தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வேறு யார் குடிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.' பிறகு மூடியைப் போட்டுவிட்டு, "சரி, இனி என்ன பண்ணலாம்?" என்றார். அவ்வளவுதான். அழவும் விடவில்லை, திட்டவும் இல்லை. நேராக வேலைக்கு வந்துவிட்டார்.

புதுத் துளை போட லாரி இறங்காது. அதற்குப் பாதை வெட்ட அனுமதி வாங்குவதற்குள் வெள்ளச்சிக்குப் பல பங்குனிகள் வந்து போகும். வழக்கத்தை மாற்றுங்கள் என்று போய்ச் சொல்ல நான் யார்? அவர்கள் ஊர், அவர்கள் அம்மன். தப்பான இடத்தில் பம்பை வைத்தவன் நான். தண்ணீரை வேலிக்கு வெளியே கொண்டுவர வேண்டும், அதுவும் பங்குனிக்குள். பம்பு வாயில் ஒரு பைப்பை மாட்டிச் சரிவில் இறக்கினால் பலாமரத்தடி வரைக்கும் தானாகவே ஓடும். அங்கே சிமெண்ட் உறையில் ஒரு தொட்டி, இரண்டு குழாய். பெண்கள் எந்த நாளும் வந்து பிடிக்கலாம். காகிதத்தில் படம் அழகாக வந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி: பம்பை யார் அடிப்பது?

தோகோதான் கேட்டார். "ஆண்கள் எல்லா நாளும் வேலிக்குள் வரலாமா?"

"வரலாம்."

"அப்படியானால் அவர்கள் அடிக்கட்டும்." பிறகு, "எங்கள் ஊரில் இதைக் கேட்டுத் தோற்றுப் போனேன். ஆண் பம்படிக்கு வந்தால் கேலி செய்கிறார்கள். நீங்கள் ஜெயித்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். ஊருக்குத் திரும்புமுன் தன் வாட்ஸப் நம்பரை என் டைரியில் எழுதிக் கொடுத்தார்.

ஊர்க்கூட்டத்தை இந்த முறை கோமதி அம்மா பலாமரத்தடியில் போடச் சொன்னார். அங்கே என்றால் பெண்கள் வந்து உட்காரலாம். வந்தார்கள். பைப்பு கோயில் திடலைத் தாண்டுவது பற்றி ஊர்க்கவுண்டர் முதலில் தடை சொன்னார். பூசாரி எழுந்தார். "அம்மன் குடுக்கறது கீழ வருது. கீழயிருந்து மேல ஒண்ணும் போகலியே. இதுல என்ன தீட்டு?" இனி என் வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வர வேண்டாம் என்ற நிம்மதியும் அவர் குரலில் கொஞ்சம் இருந்தது.

வீட்டுக்கு ஒரு ஆண், தினம் இருநூறு அடி என்று நான் சொன்னதும் கூட்டம் கலகலத்தது.

"ஏனுங்க, ஆம்பளைங்க தண்ணி அடிக்கறதா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அது ஒண்ணுதானுங்க இந்த ஊர்ல ஒழுங்கா நடக்குது!"

அந்தச் சிரிப்பில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நிறைவேறியது தீர்மானம்தான், தண்ணீர் இல்லை. தொட்டி கட்டி, பைப்பு மாட்டி, குழாயைத் திறந்து மாலை போட்ட மறுநாளிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்குக் காபித் தோட்டத்தில் அவசரம். ஒருவர், மச்சான் பார்த்தால் சிரிப்பான் என்று உண்மையையே சொல்லிவிட்டார். மாசி பாதி ஓடிவிட்டது. ஊற்றில் தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தினமும் விடிந்ததும் மொபெட்டில் கிளம்பி ஆத்திமரத்தூர் போய், சட்டையைக் கழற்றிக் கல் வேலி மேல் போட்டுவிட்டு, நானே அடிக்க ஆரம்பித்தேன். அந்தக் காட்சியை நீங்கள் மனதில் பார்க்க வேண்டாம். பார்த்த ஊர்க்காரர்களே இன்னும் மறக்கவில்லை. பனியன், தொந்தி, ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் தனித்தனியாகக் குலுங்கும். நூறு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். எப்படித் தலைகீழாக நின்றாலும் நானூறு அடிக்கு மேல் முடியாது. வீட்டுக்கு ஒரு குடம்கூடச் சரியாகத் தேறாது. வெள்ளச்சி வந்து அந்த ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு, மீதிக்கு ஊற்றுக்கு இறங்குவார். போகும்போது, "நாளைக்கும் வருவீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்பார்.

"வருவனுங்க."

ஆண்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மெக்கானிக்கு எளச்சுட்டாரு" என்று ஒருவர். "இன்னிக்கு முன்னூத்தம்பதுதான், நேத்து நானூறு" என்று ஒருவர். எண்ணவாவது வந்தார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் என் மனைவி, "ஊருக்கே தண்ணி எறைக்கறீங்க, இங்க ஒரு வாளி எடுத்து வெச்சதுண்டா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீரும் என் தலையில்.

பதினோராம் நாள், இருநூறாவது அடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஊர்க்கவுண்டர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க, தள்ளி உக்காருங்க."

"பரவால்லீங்க, நான்..."

"என்ன பரவால்ல? கவருமெண்டு ஆளு எங்கூர்ல மூச்சடைச்சுச் செத்தா யாருக்குங்க கெட்ட பேரு? போலீசுக்கு நானா பதில் சொல்றது?"

இருநூறு அடி அடித்தார். வேடிக்கை பார்த்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா, நான் அடிக்கறதையும் எண்ணிட்டு இருக்கீங்களா?" அடுத்தவன் வந்தான். என் வேலைத் திறமை நான்கு வருஷத்தில் செய்யாததை என் உடம்பின் பலவீனம் பதினோரு நாளில் செய்துவிட்டது.

அந்தப் பங்குனியில் அடிப் பள்ளத்துக்கு யாரும் இறங்கவில்லை. பலாமரத்தடித் தொட்டி காலை எட்டு மணிக்குள் நிறைந்துவிடும்.

ஆறேழு மாதம் கழிந்திருக்கும். மழைக்காலம். மதியம் போன் அடித்தது.

"மெக்கானிக்கண்ணா, வெள்ளச்சி பேசறனுங்க. பம்பு ஒடஞ்சு போச்சுங்க."

"என்னது?"

"ஒடஞ்சு போச்சுங்க! கைப்புடி சும்மா தொங்குது. இன்னிக்கே வந்து சரி பண்ணிப்புடுங்க. ஒரு நாளு உட்டா இவங்க அப்படியே உட்டுருவாங்க. நாளைக்கு எங்க ஊட்டுக்காரரு மொறை வேற."

மொபெட்டை எந்த வேகத்தில் ஓட்டினேன் என்று எழுதக் கூடாது. மழையோடு போய் மூடியைத் திறந்தேன். கிரீஸின் சுவடே இல்லை. சங்கிலி அறுந்திருந்தது, கண்ணிகள் எல்லாம் தேய்ந்து தேய்ந்து பளபளவென்று இருந்தன. கைப்பிடியில் பெயிண்ட் போய் இரும்பு மின்னியது. வாய்க்காலில் இருந்த காசித்தும்பையைத் தண்ணீர் எப்போதோ அடித்துக்கொண்டு போயிருந்தது.

"ஏனுங்கண்ணா, ஒடஞ்ச பம்பைப் பாத்து இப்படிச் சிரிக்கறீங்க?" வெள்ளச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"அழகா ஒடஞ்சிருக்குதுங்க அம்மணி."

பொழுது சாய்வதற்குள் புதுச் சங்கிலி மாட்டி, நாற்பது அடி அடித்து, வாளி நிறைவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பழைய சங்கிலியைப் போட்டோ எடுத்துத் தோகோவுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அதுவும் ஒரு போட்டோதான். மலாவியில் ஏதோ ஒரு ஊர், செம்மண் தரை, ஒரு ஆண் பம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருக்கிறார். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கோமதி அம்மா படித்துச் சொன்னார்: "இதுவரை மூன்று பேர்."

அன்று பதிவேட்டில் ஆத்திமரத்தூர்ப் பக்கத்தைத் திறந்தேன். பழுது என்ற கட்டத்தில் முதல் முறையாக எழுதினேன்: சங்கிலி அறுந்தது. அடுத்தது காரணம் என்ற கட்டம். துரு, கிரீஸ் இன்மை, மோசமான இரும்பு என்று வழக்கமாக எழுத எத்தனையோ இருக்கின்றன. பேனாவிலேயே எழுதினேன்: 'உபயோகம்.'

கோமதி அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அப்படியா?" என்றார்.

அந்த ஒரு தடவை மட்டும் என்னிடம் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை.